யாழ்ப்பாணத்து வீதி நெரிசலோடு நாளாந்தம் போய்வருவது எப்படி?

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது கொக்குவிலில். மகன் தரம் 9, இந்துக் கல்லூரி. மகள் தரம் 6, வேம்படி மகளிர் பாடசாலை. கணவர் கொழும்பில் வேலை. காலையில் பிள்ளைகள் இருவரையும் ஒரே ஸ்கூட்டியில் ஏற்றி, காங்கேசன்துறை வீதியால் வந்து, ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கச்சேரியடியில், அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் கிட்ட உள்ள அலுவலகத்துக்குப் போகிறீர்கள். ஒன்றரைக்கு மகளை ஏற்ற மறுபடி ஓடி வருகிறீர்கள். பின்னேரத்தில் ரியூஷன் ஓட்டம். "இத்தனைக்கும் தூரம் பெரிசாக இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வீதிக்குக் கிட்டப் போகவே நெஞ்சு படபடக்குது. பிள்ளையளோட எரிஞ்சு விழுறன். சனம் நெருங்கின ஊரில இதோட எப்படிக் காலம் தள்ளுறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீதிப் போக்குவரத்துத் திட்டமிடல்தான் என் தொழிலாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகும் இந்த ஊர்ச் சந்திகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் பதிலை முதலே சொல்கிறேன்: விரைவான பாதையைத் தேடுவதால் உங்கள் பிரச்சினை தீராது. வீட்டை விட்டு வெளிக்கிடும் நேரத்தையும், அந்த ஸ்கூட்டியில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்பதையும் மாற்றினால் பெரும்பகுதி தீரும். மிச்சம் தீராது, அதோடு எப்படி இருப்பது என்பதையும் சொல்கிறேன்.

கொழும்பு காலி வீதியில் காலை தொடங்கினால் இரவு வரை நெரிசல் விடாது. யாழ்ப்பாணம் அப்படியில்லை. இங்கே நெரிசலுக்கு மணிக்கணக்கு உண்டு. பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்குவதால் ஏழு மணியிலிருந்து ஒரு முக்கால் மணித்தியாலம். பள்ளி விடுகிற 1.30க்குப் பிறகு ஓர் அரை மணித்தியாலம். அலுவலகங்கள் 4.15க்கு விடுவதும் ரியூஷன் மாறுகிற நேரமும் சந்தைக்குப் போகிற சனமும் ஒன்றாகச் சேர்கிற பின்னேரம் இன்னொன்று. இந்த மூன்றுக்கும் வெளியே, காலை எட்டு மணிக்கோ பகல் பதினொன்றுக்கோ காங்கேசன்துறை வீதியில் இறங்கிப் பாருங்கள். சத்திரச்சந்திக்குக் கிட்ட வரும் வரை பெரிய தடையில்லாமல் போகலாம்.

வீதி ஒடுக்கம், அதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை, கியூ.ஆர். அட்டைக்கு வாராந்த அளவு, கொட்டிலில் கிடந்த சைக்கிளை எல்லோரும் தூசி தட்டி எடுத்த காலம். அதே ஆஸ்பத்திரி வீதி, அதே அகலம். சனமும் ஏறத்தாழ அதே சனந்தான். வேலைக்கும் கிளினிக்குக்கும் சந்தைக்கும் வந்தார்கள். ஆனால் வீதி விரிந்து கிடந்தது. மாறியது, ஒவ்வொருவரும் பிடித்த இடத்தின் அளவுதான். ஒரு கார் நிற்கிற இடத்தில் ஏழெட்டுச் சைக்கிள் நிற்கும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உங்களுக்கு ஆதாயம் இருக்கிறது. வீதி ஒன்று நிரம்பும்போது காத்திருப்பு அதே அளவில் கூடாது. வரிசைகளைப் பற்றிய மிக எளிய கணக்கின்படி, ஒரு சந்தி தன் கொள்ளளவில் 80 வீதம் நிரம்பியிருக்கும்போது நீங்கள் காத்திருக்கும் நேரத்தை ஒரு பங்கு என்று வைத்தால், 90 வீதமாகும்போது அது இரண்டு பங்கைத் தாண்டும். 95 வீதமானால் ஐந்து பங்கை நெருங்கும். கடைசியாக வந்து சேர்கிற அந்தக் கொஞ்ச வாகனங்கள்தான் எல்லோரையும் நிறுத்தி வைக்கின்றன. மறுபக்கம் பார்த்தால், கொஞ்சம் குறைந்தாலே நிறையத் திறந்துவிடும். சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் 2006இல் நகருக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் வைத்துப் பார்த்தபோது, எல்லையைக் கடந்த வாகனங்கள் ஏறத்தாழ 20 வீதந்தான் குறைந்தன; வரிசைகளில் நின்ற நேரமோ அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்கினார்கள்.

இதை உங்கள் காலைக்குப் பொருத்துகிறேன். நீங்கள் 7.05க்கு வெளிக்கிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊரே வெளிக்கிடுகிற நேரம். 6.45 ஆக்கிப் பாருங்கள். இருபது நிமிடம் முந்தினால் இருபது நிமிடம் முந்திப் போய்ச் சேருவீர்கள் என்பதல்ல கணக்கு. அந்தப் பயணமே சுருங்கிவிடும். இதைச் சொல்வது எனக்கு இலேசு, அடுப்படியில் நிற்பது நீங்கள் என்பது தெரியும். அதனால் முதல் நாள் இரவே முடிக்கக்கூடியதை முடியுங்கள்: புத்தகப்பை, சீருடை, சப்பாத்து, தேங்காய் துருவல், சம்பலுக்கு வெட்டுவது. தரம் 9 படிக்கிற பெடியனுக்குத் தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். தங்கச்சிக்குரியதையும் அவனே கட்டட்டும்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? உங்கள் அலுவலகம் 8.30க்கு. மகளை 7.15க்கு வேம்படியில் இறக்கினால் உங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இறக்கிய கையோடு பிரதான வீதியால் சுண்டுக்குளிப் பக்கமாக அலுவலகத்துக்கு விரட்டுகிறீர்கள். அங்கே சென். ஜோன்ஸ், சுண்டுக்குளி மகளிர் என்று இன்னும் இரண்டு பெரிய பள்ளிக்கூட வாசல்கள் அதே நிமிடத்தில் அடைபட்டுக் கிடக்கும். ஏன் அதற்குள் போய் விழ வேண்டும்? 7.40 வரைக்கும் எங்காவது நில்லுங்கள். ஒரு தேத்தண்ணி குடியுங்கள், வங்கி அட்டையில் காசெடுங்கள், அம்மாவோடு தொலைபேசியில் கதையுங்கள். மணி அடித்துப் பத்து நிமிடத்தில் அந்த வீதி வெறிச்சோடிப் போகும்.

இனி ஸ்கூட்டி. அது இருவர் போவதற்கென்று செய்த வாகனம். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் பையோடு பின்னால் ஏறினால் பாரம் முழுக்கப் பின்சில்லில். முன்சில்லு இலேசாகிறது, கைபிடி ஆடுகிறது, பிறேக் பிடித்தால் நிற்கிற தூரம் கூடுகிறது. நெஞ்சு படபடப்பதில் ஒரு பங்கு இதனால்தான்; உங்கள் கைக்குத் தெரிகிறது, அது கட்டுப்பாட்டில் இல்லை என்று. மகனை அதிலிருந்து இறக்குங்கள். அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

பயப்படுவீர்கள் என்று தெரியும், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணம் சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். சுண்ணக்கல் மேல் தட்டையாகக் கிடக்கிறது, மேடு பள்ளம் என்று சொல்ல எதுவும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்தக் குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியைப் பின் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், விறகு கொண்டுபோனதும், பரீட்சைக்குப் போனதும் அதில்தான். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தனியே பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். அன்றைக்கு வீதியில் வாகனம் குறைவு என்பது உண்மைதான், அதனால் அப்படியே இன்றைக்குச் செய்யலாம் என்று சொல்லவில்லை. பாதையைத் தெரிந்து அனுப்பலாம் என்கிறேன்.

சாதாரணமாக ஒரு பெடியன் மணிக்கு பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் மிதிப்பான். கொக்குவிலிலிருந்து வண்ணார்பண்ணையில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அவனுக்குக் கால் மணித்தியாலம் போதும். நெரிசல் நேரத்தில் உங்கள் ஸ்கூட்டிக்கும் அதற்குக் குறையாது. காங்கேசன்துறை வீதியால் மட்டும் விடாதீர்கள். போட்டிக்கு ஓடுகிற மினிபஸ்கள் இறங்குகிறவர்களுக்காகத் திடீரென்று இடப்பக்கம் அணைப்பார்கள், சைக்கிள்காரனுக்கு ஒதுங்க இடமிராது. வீதிக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒழுங்கைகள் இருக்கின்றன. எல்லாம் ஊடறுத்துப் போகாது. சிலது யாரோ ஒருவரின் படலையில் போய் முடியும். ஆனால் இரண்டு மூன்றைக் கோர்த்தால் பெரும்பாலான தூரத்தை உள்ளாலேயே போய்விடலாம். பிரதான வீதியைக் குறுக்கறுக்கிற இடத்தில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு மஞ்சள் கடவையால் கடக்கட்டும். வலப்பக்கம் திரும்புவதற்கு நடுவீதியில் காத்து நிற்கக் கூடாது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

அதே ஒழுங்கையில் இருந்து அந்தப் பக்கம் போகிற வேறு பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். பெற்றோரோடு கதைத்து நாலைந்து பேராகச் சேர்த்து விடுங்கள். தனியே போகிற சைக்கிளை வாகனக்காரர் காண மாட்டார்கள், கூட்டமாகப் போனால் காண்பார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்தில் கதைத்துக்கொண்டு போவது இந்த ஊர்ப் பிள்ளைகளின் பழைய வழக்கம், இப்போதைய வீதிக்கு அது ஆகாது.

ஒழுங்கையைப் பற்றி உங்களுக்கும் ஒரு சொல். நெரிசலுக்குத் தப்ப ஸ்கூட்டியோடு ஒழுங்கைக்குள் நுழைகிறவர்கள், பிரதான வீதியில் விட்ட நேரத்தை அங்கே பிடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆளுயர மதில். முடக்கில் எதிரே வருவது நடந்து வருகிற ஆச்சியா, தண்ணிப் பவுசரா என்று கடைசி நொடி வரை தெரியாது. முடக்குக்கு முதல் ஒருதரம் ஹோர்ன் அடித்து, ஆள் நடக்கிற வேகத்துக்கு இறக்குங்கள். அங்கே இருப்பவர்களின் முற்றம் அது.

இப்போது ஆஸ்பத்திரி வீதி. ஒரு பின்னேரம் அங்கே கடைவாசலில் ஒதுங்கி நின்று கவனியுங்கள், நெரிசல் எப்படிப் பிறக்கிறது என்று கண்ணாலேயே காணலாம். பட்டா எனும் சின்ன லொறி ஒன்று சோடாப் பெட்டி இறக்கக் கடைக்கு முன்னால் நிற்கும். இரண்டு நிமிட வேலைதான். அதற்குப் பின்னால் "நிற்கத்தானே செய்கிறது" என்று ஒரு கார் ஒதுக்கும். அதன் கதவோரம் இரண்டு மோட்டார் சைக்கிள். நடைபாதையில் கடைச் சாமான் பரப்பியிருப்பதால் நடக்கிற சனம் வீதிக்கு இறங்கும். பஸ் நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய பஸ் திரும்ப இடமில்லாமல் நடுவில் நிற்கும், நின்ற கையோடு ஆள் ஏற்றத் தொடங்கும். பட்டா போய்விடும். ஆனால் அது உண்டாக்கிய தடை அங்கேயே இருக்கும். பின்னால் நூறு மீற்றரில் நிற்பவருக்கு எதனால் நிற்கிறோம் என்றே தெரியாது, ஹோர்ன் அடிப்பார். வாகனங்கள் ஓடுவதால் வருகிற நெரிசலைவிட நிற்பதால் வருகிற நெரிசல்தான் இங்கே கூட. போதனா வைத்தியசாலை, பஸ் நிலையம், சந்தை, வங்கிகள் எல்லாவற்றையும் சில நூறு மீற்றருக்குள் வைத்துக்கொண்டிருக்கிற நகரம் இது. நிற்பதற்குக் காரணம் எல்லோருக்கும் இருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது, அந்தப் பகுதிக்குள் வாகனத்தைக் கொண்டுபோகாமல் விடுவது. அங்கே வேலை இருந்தால் கொஞ்சம் தள்ளி, அகலமான இடத்தில் முறையான தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நடவுங்கள். ஐந்து நிமிட நடை. மரக்கறி, மீன், பலசரக்கு என்று வாராந்தச் சாமானுக்கு நகரத்துக்கு வரவே தேவையில்லை, உங்களுக்குத் திருநெல்வேலிச் சந்தை கிட்ட. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த வீதியில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கிற இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்ததிலிருந்து குடாநாட்டின் எந்த மூலையிலிருந்தும் நோயாளியை ஏற்றிக்கொண்டு இந்த வீதிக்குத்தான் வருகிறது. கடைசி அரைக் கிலோமீற்றரில் அது நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

அடுத்தது ரயில் கடவை. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்ட விடயம், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் காங்கேசன்துறை வரையும் போனது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் தண்டவாளமே இல்லாமல் வளர்ந்த நகரம், கடவையில் நிற்கும் ஒழுங்கைப் பழகவில்லை. படலை விழுந்ததும் என்ன நடக்கிறது? முதலில் வந்தவர்கள் இடப்பக்கம் நிற்பார்கள். பிறகு வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் வலப்பக்கத்தையும் நிரப்பிக்கொண்டு முன்னுக்குப் போவார்கள். அந்தப் பக்கத்திலும் அப்படியே. படலை எழும்பும்போது இரண்டு பக்கமும் முழு வீதியையும் அடைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து நிற்கிற இரண்டு கூட்டம். ரயில் போக எடுத்தது ஒரு நிமிடம், சிக்கு அவிழ எடுப்பது ஐந்து நிமிடம். நீங்கள் உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எஞ்சினை நிற்பாட்டுங்கள். பின்னால் நிற்பவர் "போங்கோ அக்கா" என்று அடித்தாலும் அசைய வேண்டாம். ஒருவர் அசையாமல் நின்றால் அவருக்குப் பின்னால் வருகிறவர்களில் சிலராவது நிற்பார்கள், இதை நான் பலதரம் பார்த்திருக்கிறேன். காவலாளி இல்லாத சின்னக் கடவைகளில் மகனுக்குச் சொல்ல வேண்டியது வேறு: காதில் எதுவும் மாட்டக் கூடாது, இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும்.

ஓட்டும் முறையைப் பற்றி. ஜப்பானின் நகோயாவில் ஆய்வாளர்கள் 230 மீற்றர் வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரையும் மணிக்கு 30 கிலோமீற்றர் அளவில் ஒரே சீராக ஓடச் சொன்னார்கள். 2008இல் அந்த முடிவு வெளியானது. சந்தி இல்லை, கடவை இல்லை, பட்டா இல்லை. அப்படியிருந்தும் கொஞ்ச நேரத்தில் நெரிசல் தானாகத் தோன்றியது. ஒருவர் கொஞ்சம் கிட்டப் போய் பிறேக் பிடிக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கூடப் பிடிக்க, அது அலையாகப் பின்னோக்கி ஓடியது. எங்கள் வீதியில் முன்சில்லைப் பின்சில்லில் முட்டுகிற மாதிரி ஓடுவதால் நடப்பதும் இதுதான். முன்னால் ஓர் இடைவெளி விட்டு ஓடுங்கள். அதற்குள் யாராவது நுழைவார்கள். நுழையட்டும், மறுபடி விடுங்கள். நாலு கிலோமீற்றரை 40இல் ஓடினால் ஆறு நிமிடம், 30இல் ஓடினால் எட்டு நிமிடம். முழுவதும் தடையில்லாமல் ஓடினாலே வித்தியாசம் இரண்டு நிமிடந்தான். இந்த நெரிசலில் அதுவும் கிடையாது, முந்திப் போனவரை அடுத்த சந்தியில் காண்பீர்கள்.

எரிந்து விழுவதைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் குணத்தில் பிழை ஏதும் இல்லை. பயணம் நீளம் என்பதைவிட, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாமல் இருப்பதுதான் மனிதரைக் கூடுதலாக வாட்டுகிறது என்பது போக்குவரத்தையும் மன அழுத்தத்தையும் ஆராய்ந்தவர்கள் கண்டது. அதனால்தான் முந்தி வெளிக்கிடுவதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். அது முதலில் பயண நேரத்தை ஒரே சீராக்கும், குறைப்பது பிறகு. இருபத்தைந்து நிமிடம் என்றால் நாளாந்தம் இருபத்தைந்தாக இருந்தால் உடம்பு அதற்குப் பழகும். மற்றது, பிள்ளைகளை ஏசுவது பெரும்பாலும் ஸ்கூட்டியில் ஏறிய பிறகு தொடங்கும். வீட்டு வாசலில் ஏறும்போது ஒன்றைத் தீர்மானியுங்கள்: வழியில் பிந்தினதைப் பற்றிக் கதையில்லை. பிந்தினால் பள்ளிக்கூட வாசலில் பதில் சொல்வோம், அதுவரை வீதியை மட்டும் பார்ப்போம். ஹெல்மெட்டுக்குள் சத்தம் போடுகிற தாயின் கண் வீதியில் இராது. மகளுக்கும் அளவான ஹெல்மெட் போடுங்கள், உங்களுடைய பழையது வேண்டாம். முகக்கவசமும் நல்லது, நெரிசலில் முகத்துக்கு நேரே புகை கக்கும் குழாய்கள் நிறைய.

மத்தியானம்தான் உங்களுக்கு உண்மையில் கடினமான பகுதி. அலுவலகத்திலிருந்து ஒன்றரைக்கு வந்து போவது என்பது அந்த நாளின் உச்ச வெயிலில் உச்ச நெரிசலுக்குள் இரண்டு தரம் இறங்குவது. மகளை அந்த நேரத்தில் நீங்களே ஏற்ற வேண்டும் என்பதை விடுங்கள். கொக்குவில் பக்கம் போகிற பிள்ளைகளை ஏற்றுகிற பள்ளி வான் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் உங்கள் ஒழுங்கைக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை மூன்று பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து மாதக் கணக்கில் பிடியுங்கள். மூன்று ஸ்கூட்டிக்குப் பதில் ஒரு ஓட்டோ வரும், வீதிக்கும் அது நன்மை. அவரிடம் பள்ளி வாசலில் நிற்க வேண்டாம் என்றும், இருநூறு மீற்றர் தள்ளி ஓரிடத்தில் நிற்கும்படியும் சொல்லுங்கள். பிள்ளைகள் நடந்து போய் ஏறட்டும். காலையில் நீங்களும் அப்படியே இறக்குங்கள். வாசலோடு இறக்கினால்தான் பிள்ளை பத்திரம் என்று நினைக்கிறோம். ஆனால் வாகனங்கள் பின்னுக்கும் முன்னுக்கும் திருப்புகிற அந்த வாசல்தான் அந்த நிமிடத்தில் ஆபத்தான இடம்.

ரியூஷன் விடயத்தில் என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. பேர்பெற்ற ஆசிரியர் என்று நகரத்து வகுப்புக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள். போக வர ஒரு மணித்தியாலம் போகிறது, பிள்ளை களைத்துப் போய் இருக்கிறது. கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் திருநெல்வேலியிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தரம் 6க்கும் 9க்கும் நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய வகுப்புத்தான் சரியான வகுப்பு. பின்னேர நெரிசலில் பெரிய பங்கு இந்த ஓட்டந்தான்.

நல்லூர்த் திருவிழா 25 நாட்களும் தனிக் கணக்கு. கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட, அந்த வாகனமெல்லாம் ஒழுங்கைகளுக்கும் பக்கத்து வீதிகளுக்கும் திரும்பும். நீங்கள் கச்சேரி–நல்லூர் வீதியைப் பாவிக்கிற ஆள் என்றால் அந்த நாட்களில் அதை மறந்துவிடுங்கள். தேர், தீர்த்த நாட்களில் முடிந்தால் லீவு எடுங்கள். கோயிலுக்குப் போனாலும் நடந்து போங்கள். மாரியில், கார்த்திகை மழைக்கு ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும்; மதகு எங்கே, குழி எங்கே என்று தெரியாது. அப்போது மகன் பஸ்ஸில் போகட்டும்.

நகரம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடவும் மனமில்லை. வீதியை அகலமாக்கு என்ற கோரிக்கைதான் எப்போதும் எழும்புகிறது. அகலமாக்கிய இடத்தில் இரண்டு வரி வாகனம் தரித்து நிற்பதைத்தான் கண்டிருக்கிறோம். ஐந்து வருடமளவு மூடியிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது, இனி வாகனம் கூடும். அதற்கு முதல் ஆஸ்பத்திரி வீதியில் சாமான் இறக்குவதைக் காலை ஏழு மணிக்கு முன்னர் முடிக்க வைக்கலாம். நடைபாதையை நடக்கிறவர்களிடம் திருப்பிக் கொடுக்கலாம். நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்கள் கால் மணித்தியால வித்தியாசத்தில் விட்டால் மத்தியான நெரிசல் பாதியாகும் என்பது என் கணிப்பு. பெற்றோர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது இதைக் கேளுங்கள், ஒரு தாய் கேட்டால் இன்னும் நாலு பேர் கேட்பார்கள்.

சைக்கிள் வாங்கினால் வருகிற ஞாயிறு காலை மகனோடு நீங்களும் அந்தப் பாதையை ஓடிப் பாருங்கள். அவன் முன்னால், நீங்கள் ஸ்கூட்டியில் மெதுவாகப் பின்னால். இருக்கையின் உயரம் அவனுக்கு நிலத்தில் கால் ஊன்றுகிற அளவில் இருக்கட்டும், இரண்டு பிறேக்கும் பிடிக்கிறதா என்று பாருங்கள், பின்னால் சிவப்பு றிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். மறுபடி ஒரு வேலைநாளில் பள்ளி நேரத்துக்கே ஒருதரம் பின்தொடருங்கள், ஞாயிற்றுக்கிழமை வீதி வேறு. எந்த இடத்தில் தயங்குகிறான் என்று பார்த்து, அந்தச் சந்திக்கு மட்டும் வேறு வழி தேடுங்கள்.